குனிந்திருக்கும் அம்மா

ஜெர்மனியில் ஓவியம் பார்க்க வருகிறவர்கள் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்கிறார்கள். கொலோன் நகரத்தில் புதிய ஓவியர்களுக்கான சந்தையில் நான் முதன்முதலாகக் கடை போட்டபோது, முன்னால் நின்றவர்கள் "இன்ட்ரெஸாண்ட்", சுவாரஸ்யம், என்று முணுமுணுத்து நகர்ந்தார்கள். ஒரு பெண்மணி மட்டும் பருத்திக்காட்டில் குனிந்திருக்கும் என் அம்மாவின் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "வழிபடுகிறாரா?" என்று கேட்டார். களையெடுக்கிறார் என்றேன். களைக்கு நான் சொன்ன ஜெர்மன் சொல் தவறாக இருந்திருக்க வேண்டும். அவர் பக்தியோடு தலையசைத்தார்.

அந்தப் படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டுதான், பல வருடங்களுக்குப் பிறகு மதுரை வந்தேன். தல்லாகுளத்தில் ஒரு மண்டபத்தில் அதேபோன்ற சந்தை மறுநாளே தொடங்குவதாக இருந்தது. கல்லூரித் தோழி நஸ்ரின் தன் கடையில் பாதியை எனக்கு ஒதுக்கியிருந்தாள். இங்கே யாரும் கையைக் கட்டவில்லை. பெயின்ட் காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்தார்கள், "அண்ணே, இது நம்ம காளவாசல்தான?" என்று பக்கத்துக் கடை ஓவியரை மடக்கினார்கள், செல்ஃபி எடுத்தார்கள். இந்த இரைச்சல் கேட்காதா என்று கொலோனில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஜன்னலைத் திறந்துவைத்து ஏமாந்திருக்கிறேன்.

அம்மா என்னைப் பார்க்க எங்கள் ஊர் எழுமலையிலிருந்து பஸ் பிடித்து வந்தாள். படத்தின் முன் நின்றவளின் முகம் சுருங்கியது.

"இது நாந்தான?"

"ஆமாம்மா."

"என்னைய ஏன் குனிய வச்சிருக்க?"

நஸ்ரின், "நல்லாத்தானம்மா இருக்கு" என்றாள்.

"நல்லாத்தான் இருக்கு. அடுத்தவுக காட்டுல நான் குனிஞ்சு எம்புட்டு வருசமாச்சு. இப்ப நிக்கிறது நம்ம காட்டுல. இவ இனிமேத்தான் வந்து பாக்கணும்."

அம்மா கோபப்படவில்லை. நான் விமானம் ஏறியபோது அவள் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தாள். காடு வாங்கியதைப் போனில் சொன்னாள், சந்தோஷப்பட்டேன். ஆனால் கண்ணை மூடினால் வந்ததென்னவோ அந்த வளைந்த முதுகுதான். அதை நினைத்தே இத்தனை காலம் ஏங்கியிருக்கிறேன்.

மாலையில் ஒருவர் படத்தை விலைக்குக் கேட்டார். அம்மாவைப் பார்த்தேன்.

"குடுத்துரு. நம்ம வீட்டுல மாட்டாத."

இப்போது கொலோனில் வேறொரு படம் தொடங்கியிருக்கிறேன். தன் காட்டில் நிமிர்ந்து நிற்கும் அம்மா. பாதங்களும் சேலைக் கரையும் வந்துவிட்டன. தோள் எங்கே வர வேண்டும் என்பதுதான் பிடிபடவில்லை. போனில் கேட்டேன்.

"எம்புட்டு ஒசரம்மா நீ?"

சிரித்தாள். "பக்கத்துல நின்னுட்டுத்தான போன, அதுக்குள்ள மறந்துட்டயா? திரும்ப வந்து பாத்துக்க."

எழுமலை மண்ணில் ஊன்றிய இரண்டு பாதங்கள் என் ஜன்னலோரம் நிற்கின்றன. அவற்றுக்கு மேலே, கொலோனின் சாம்பல் வெளிச்சம் விழும் வெற்றுத் துணி.