வாளிக்காரன் துண்டு வீசிய நாள்

மலையில் பிறந்தவனுக்குக் கொண்டை ஊசி வளைவில் வாந்தி வருமா? எனக்கு வரும். ஆனால் ஒரு தடவைகூட பஸ்ஸை நிறுத்தச் சொன்னதில்லை. பல்லைக் கடித்துத் தாங்கிக்கொள்வேன். மானப் பிரச்சினை.

செம்மேட்டு பாக்சிங் கொட்டகையில் எனக்கு வாளி வேலை. ரவுண்டு முடிந்ததும் ஸ்டூல் போட வேண்டும், தண்ணீர் கொடுக்க வேண்டும், துப்புவதை வாளியில் பிடிக்க வேண்டும். பள்ளிக்கூடப் பக்கமே போகாதவனுக்கு வேறு யார் உத்தியோகம் தருவார்கள்? என் மனைவி பாப்பாத்தியின் தம்பி செல்வராசு அங்கே நல்ல பாக்ஸர். போன வருடம் எம்.எம்.ஏ.வுக்கு மாறினான். அதில் குத்தலாம், உதைக்கலாம், கட்டிப் புரளலாம். வாளியோடு நானும் மாறினேன்.

சேலத்தில் முதல் போட்டி. மிளகு பழுக்கத் தொடங்கியிருந்த நேரம். கிளம்பும்போது பாப்பாத்தி சொன்னாள்:

“ஏனுங்க, அவன் ஜெயிக்கோணும்னு நான் கேக்கலீங்க. மரமேறி மொளகு பறிக்கற கை அது. போனபடியே ஊட்டுக்குக் கொண்டாந்துருங்க.”

“எங் கையப் பத்தி ஒண்ணுமே கேக்கலியே?”

“வாளி தூக்கற கைக்கு என்னாகப் போகுது?”

எம்.எம்.ஏ.வுக்குக் கயிறு கட்டிய மேடை கிடையாது, வலை போட்ட கூண்டு. அதற்குள் செல்வராசு விட்ட முதல் குத்திலேயே எதிராளி விழுந்தான். பாக்சிங்கில் ஒருத்தன் விழுந்தால் அடித்தவன் மூலைக்கு ஒதுங்க வேண்டும், ரெஃப்ரீ பத்து எண்ணுவார். நம்ம ஆள் நல்ல பிள்ளையாகத் திரும்பி நடந்தான். கூண்டுக்கோ எட்டுப் பக்கம். எந்த மூலையில் நிற்பது என்று தேடினான். வெளியே நான் ஸ்டூலும் கையுமாக, “ஒண்ணு, ரெண்டு” என்று சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

எம்.எம்.ஏ.வில் யாரும் எண்ணுவதில்லை. விழுந்தவன் எழுந்து பின்னாலிருந்து செல்வராசுவைத் தரையில் சாய்த்தான். வலது கையைத் தொடைகளுக்கு நடுவே மாட்டி முழங்கையைப் பின்பக்கமாக வளைத்தான். ஆர்ம்பார் என்பார்கள். மாட்டிக்கொண்டவன் எதிராளி உடம்பில் தட்டினால் அவன் விட்டுவிடுவான். ஆனால் தட்டினால் தோல்வி.

“தட்டு மாப்ள! தட்டு சாமி!”

தட்டவில்லை. விழுந்தால் எழ வேண்டும் என்றுதான் அவனுக்குப் பழக்கம். போதும் என்று சொல்லிப் பழக்கமில்லை.

நம்ம பக்கமிருந்து துண்டு உள்ளே விழுந்தால் தோல்வியை ஒப்புக்கொண்ட மாதிரி. துண்டை வீசினேன். வலையில் பட்டு என் மூஞ்சியிலேயே விழுந்தது. மறுபடி எக்கி வீசினேன். ரெஃப்ரீ சண்டையை நிறுத்தினார்.

“நாந் தாங்கீருப்பேன் மாமா.”

“நீ தாங்கீருப்ப. கை தாங்கீருக்காது.”

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். அடிவாரம் தாண்டியதும் எனக்கு வயிற்றில் கச்சேரி ஆரம்பித்தது. சட்டையெல்லாம் வேர்வை.

“மாமா, வண்டிய நிறுத்தச் சொல்லட்டுங்களா?”

“வேண்டாம். நாந் தாங்குவேன்.”

ஜன்னலை விட்டு என் பக்கம் திரும்பினான். பிறகு சிரித்துவிட்டான். சீட்டுக்கு அடியிலிருந்து வாளியை எடுத்து என் மடியில் வைத்தான்.

“தட்டுங்க மாமா.”

அவன் தொடையில் இரண்டு தட்டு தட்டினேன். மீதியெல்லாம் வாளிக்குள். ஒரு கையால் வாளியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் என் நெற்றியைத் தாங்கினான். குனிந்தபடியே எந்தக் கை என்று பார்த்தேன். வலது கைதான். வீங்கியிருந்தது. ஆனால் மடங்கியது.

கொட்டகைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளே, பாக்சிங்கில் விழுந்தவனுக்காக எண்ண ஒரு ஆள் இருக்கிறார். எம்.எம்.ஏ.வில் போதும் என்று நீங்களே சொல்ல வேண்டும். அதனால் குத்தப் பழகும்போதே தட்டவும் பழகுங்கள். நான் இப்போதெல்லாம் முதல் வளைவிலேயே தட்டிவிடுகிறேன்.