கல்லறைத் தோட்டத்துச் சாவி

கொரோனா இரண்டாவது அலை அடித்த வருடம், வெயில் கொளுத்திய ஒரு மத்தியானம். செஞ்சியில் எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் கல்லறைத் தோட்டத்து வாசலில், என்னைப் பெற்ற நைனாவின் உடலோடு நான் தனியாக நின்றேன். அதைச் சொல்வதற்கு முன்னால், நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லியாக வேண்டும்.

அப்போது நான்தான் கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் பங்குப் பேரவைச் செயலாளர். பதிவேடும் கல்லறைத் தோட்டத்துச் சாவியும் என் கையில். சட்டம் பேசுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று ஒரு திமிர் வேறு. கொரோனாவுக்கு இரண்டு வருடம் முன்பு ஒரு கொத்தனார் என் வீட்டுக்கு வந்தார். மனைவி இறந்துவிட்டாள், அவளை அவள் அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்திலேயே புதைக்க வேண்டும், சாகும்போது அவள் கேட்டது அது ஒன்றுதான் என்றார். அந்தப் பெண் எங்கள் கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவள். கல்யாணத்துக்குப் பிறகு புருஷனோடு தகரக் கொட்டகையில் நடக்கும் பெந்தெகொஸ்தே சபைக்குப் போய், ஏரியில் மறுபடியும் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டாள். கேள்விப்பட்ட அன்றைக்கே பதிவேட்டில் அவள் பெயர்மேல் சிவப்பு மையில் கோடு போட்டவன் நான்.

"சபைக்குப் போனவங்களுக்கு இங்க இடம் கெடையாதுப்பா" என்றேன்.

ஃபாதர் அன்று வெளியூரில் இருந்தார். போன் போட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் அவர் சரி என்று சொல்லிவிடுவார் என்பது எனக்குத் தெரியும்.

கொத்தனார் சண்டை போடவில்லை. "சரிண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். வல்லம் பக்கம் சொந்தக்காரரின் கடலைக் கொல்லை ஓரத்தில் அவளைப் புதைத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். சட்டப்படி நடந்துகொண்டோம் என்ற நினைப்பில் எனக்குத் தூக்கம்கூடக் கெடவில்லை.

இப்போது நைனா. ஐந்து நாள் மூச்சுக்குத் திணறி ஆஸ்பத்திரியிலேயே கண்ணை மூடிவிட்டார். வீட்டில் மனைவிக்குக் காய்ச்சல். ஃபாதரும் தொற்றோடு படுக்கையில் இருந்தார். குழி வெட்டுகிறவர் வரமாட்டேன் என்றுவிட்டார். பேரவை ஆட்கள் ஒவ்வொருவருக்காகப் போன் போட்டேன். ஒருவரும் எடுக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், எல்லோருக்கும் உயிர் பயம். ஆம்புலன்ஸ் டிரைவர் அடுத்த உடலை எடுக்கப் போக வேண்டும் என்று அவசரப்பட்டார். பெற்ற தகப்பனை வாசலிலேயே போட்டுவிட்டு நிற்கப்போகிறோமா என்று பயந்தேன்.

ஆஸ்பத்திரியில் யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பிளாஸ்டிக் உடுப்பு மாட்டிய நான்கு பேர் கடப்பாரை, மண்வெட்டியோடு வந்து இறங்கினார்கள். எந்த மதமானாலும் அடக்கம் செய்துகொடுக்கும் ஆட்கள் என்று டிரைவர் சொன்னார். முகம் தெரியவில்லை. ஒருவர் என்னிடம் வந்து கையை நீட்டினார்.

"அண்ணா, சாவி குடுங்க."

குரலைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதே கொத்தனார். சாவியைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போய் வாசலைத் திறந்தார்.

என் அம்மா கல்லறைக்குப் பக்கத்தில் இடம் காட்டினேன். அந்த உடுப்புக்குள் வேர்த்து ஊற்ற, நான்கு பேரும் மாறி மாறி வெட்டினார்கள். இரண்டு வரிசை தள்ளித்தான் அவருடைய மாமியாரின் கல்லறை. அதன் பக்கத்து இடம் அப்போதும் காலியாகவே கிடந்தது. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அவர் அங்கே ஒரு நிமிஷம் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

நைனாவைப் பதமாக இறக்கினார்கள். பிறகு அவர் கேட்டார்: "உங்க மொறைல இன்னா செய்யணும்ணா? எங்களுக்குத் தெரியாது, சொல்லுங்க."

மெழுகுவர்த்தி ஏற்றி, இறந்தவருக்காக மன்றாட வேண்டும் என்றேன். இரண்டுமே அவர்கள் சபையில் ஆகாது. அதை வைத்தே எத்தனை பேரோடு நான் வாதம் செய்திருக்கிறேன்! ஏற்றினேன், காற்றில் அணைந்தது. மறுபடி ஏற்றினேன், மறுபடி அணைந்தது. அவர் வந்து குந்தி, உறை போட்ட இரண்டு கைகளையும் சுடரைச் சுற்றி அணைத்துப் பிடித்துக்கொண்டார்.

"உங்க சபைல தப்பாச்சேப்பா" என்றேன்.

"அத நான் ஆண்டவர்கிட்ட பேசிக்கறேன். நீங்க ஜெபம் சொல்லுங்கண்ணா, நைனாவுக்கு."

சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் உடைந்துபோய் அழுதுவிட்டேன். நான் முடிக்கும்வரை அவர் கையை எடுக்கவில்லை.

வீட்டில் எல்லோருக்கும் குணமானதும், ஃபாதரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுச் செயலாளர் பொறுப்பையும் சாவியையும் ஒப்படைத்தேன். நேராகக் கொத்தனார் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். ஃபாதர் ஒத்துக்கொண்டுவிட்டார், அரசாங்க அனுமதி வாங்கி உங்கள் மனைவியை அவள் அம்மா பக்கத்துக்கே கொண்டுவந்துவிடலாம் என்றேன்.

"வேணாம்ணா. ஒரு தபா மண்ணுல வெச்சவள நோண்ட எனக்கு மனசு வரல."

இப்போது ஒவ்வொரு கல்லறைத் திருநாளிலும் நைனாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, இரண்டு வரிசை தள்ளி கொத்தனாரின் மாமியாருக்கும் ஒன்று ஏற்றுகிறேன். பிறகு வல்லம் பஸ் பிடிக்கிறேன். கொல்லை ஓரத்தில் அவரும் நானும் புல்லைப் பிடுங்குவோம். அவர் தன் முறையில் ஜெபம் பண்ணுவார், நான் பக்கத்தில் நிற்பேன். அவர் என்னை எப்போதோ மன்னித்துவிட்டார். ஆனாலும் அந்தத் தாய்க்கும் மகளுக்கும் நடுவே இருக்கும் அரை மணி நேர பஸ் தூரம் நான் போட்டது, சாகிறவரைக்கும் நான் போய் வந்துகொண்டே இருக்க வேண்டிய தூரம்.