வெள்ளை ஹெல்மெட்

கல்லூரியில் புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு நான் முதலில் கொடுக்கும் வேலை ஒன்றுதான். உங்கள் வீட்டில் இருக்கும் ஒருவரைப் பற்றி ஒரு புத்தகம் வரப்போகிறது, உள்ளே என்ன இருக்கும் என்று கவலைப்படாதீர்கள், அட்டையை மட்டும் செய்து கொண்டுவாருங்கள் என்பேன். கோடு, வடிவம், நிறம், வெற்றிடம் எல்லாவற்றையும் அந்த ஓர் அட்டையை வைத்தே சொல்லித் தந்துவிடலாம். "சூப்பர் ஐடியா மேடம்" என்பார்கள் பிள்ளைகள். நானும் சொந்தச் சரக்கு மாதிரி தலையாட்டிக்கொள்வேன். உண்மையில் அது நான் கவரைப்பேட்டையில் ஏழாவது படித்தபோது எங்களுக்கு வந்த டிராயிங் மிஸ்ஸின் சரக்கு.

மிஸ் திருவள்ளூரிலிருந்து இரண்டு ரயில் மாறி வருவார். அதுவரை எங்களுக்கு டிராயிங் பீரியட் என்றால் கணக்கு சார் வந்து கணக்கு நடத்துவது என்று அர்த்தம். மிஸ் வந்த முதல் நாளே, பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய புத்தகங்களை ஒரு கட்டைப்பையில் கொண்டுவந்து மேசையில் கொட்டினார். பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு, இது என்ன புத்தகம் என்று படத்தைப் பார்த்தே சொல்லச் சொன்னார். ஒரு சமையல் புத்தகத்தைப் பார்த்து வகுப்பே ஒரே குரலில் பேய்க்கதை என்றது. அதன் அட்டையில் மீன்குழம்பு அவ்வளவு சிவப்பாகக் கொதித்துக்கொண்டிருந்தது. மிஸ் கோபப்படவில்லை. "தப்பு உங்க மேல இல்ல, அட்டை போட்டவர் மேல" என்றார். தப்பு எங்கள் மேல் இல்லை என்று பள்ளிக்கூடத்தில் ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் அன்றே மிஸ்ஸின் கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

ஆண்டு விழாவில் எங்கள் அட்டைகளைக் கண்காட்சியாக வைப்பது என்று முடிவானது. நான் என் அட்டைக்கு நைனாவை, அதாவது அப்பாவை, பிடித்துக்கொண்டேன். நைனாவுக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில், இரும்பு உருக்கும் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. பர்மனென்ட் ஆகப்போகிறது என்று எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து வீட்டில் பேச்சு உண்டு. அந்த வருடம் பேச்சு குறைந்துவிட்டது. இந்தத் தடவை நிஜமாகவே வந்துவிடும் போலிருக்கிறது, வாயைத் திறந்தால் கண் பட்டுவிடும் என்று அம்மா பயந்ததுதான் காரணம்.

என் அட்டையில் பின்னணி முழுக்க உலை நெருப்பு. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று டப்பாவில் இருந்த வண்ணத்தையெல்லாம் கரைத்து எரியவிட்டேன். நடுவில் நைனா. ஹெல்மெட்டுக்கு மட்டும் என்ன செய்வதென்று தெரியவில்லை. நைனாவின் ஹெல்மெட் மஞ்சள். வேறொரு தாளில் மஞ்சள் போட்டுப் பார்த்தால், நைனாவின் தலை நெருப்போடு கலந்து காணாமல் போனது. எது முக்கியமோ அதுதான் முதலில் கண்ணில் படவேண்டும் என்பது மிஸ்ஸின் முதல் பாடம். வண்ணம் அடிக்காமல் தாளைச் சும்மா விட்டாலும் அதுவும் ஒரு நிறம்தான் என்பது இரண்டாவது பாடம். நான் ஹெல்மெட்டைச் சும்மா விட்டேன். நெருப்புக்கு நடுவே அது பளிச்சென்று இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்த மாமா, அம்மாவின் தம்பி, அதை எடுத்துப் பார்த்துவிட்டு நைனாவிடம் திரும்பினார்.

"இன்னா மச்சான், சொல்லவே இல்ல? ஆபீசர் ஆய்ட்டியா?"

அந்தக் கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆளுக்கு மஞ்சள், பர்மனென்ட் ஆளுக்கு நீலம், ஆபீசருக்கு வெள்ளை. எங்கள் தெருவில் பால்குடி மறந்த எல்லாப் பிள்ளைக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அது கம்பெனிச் சட்டம். நான் அப்போது மிஸ்ஸின் சட்டத்தில் இருந்தேன்.

அம்மா சிரிக்கவில்லை. "இன்னாடி பண்ணி வெச்சிக்கீற? உங்க நைனா கம்பெனி ஆபீசர்தான் விழாவுக்கு வராரு. ஸ்கூலுக்கு பெஞ்சு வாங்கிக் குடுத்ததே அவுங்கதான். இத்தப் பார்த்தா இன்னா நெனப்பாரு? பர்மனென்ட்டே ஆவல, அதுக்குள்ள வெள்ளை கேக்குதான்னு கேக்க மாட்டாரு? ஒயுங்கா மஞ்சள அடி."

நான் அட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். நைனா சோற்றைப் பிசைந்தபடியே அட்டையைப் பார்த்தார். பிறகு, "வுடு. கொயந்த போட்டது போட்டபடியே கெடக்கட்டும்" என்றார்.

விழா அன்று நைனாவுக்கு ஷிஃப்ட் இருந்தது. வரமாட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் எனக்கு முன்னாடியே, இஸ்திரி போட்ட சட்டையோடு பள்ளி வாசலில் நின்றுகொண்டிருந்தார். என் படத்தைப் பார்க்கவே லீவு போட்டிருக்கிறார் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. கண்காட்சி அறையில் அவர் என் அட்டைப் பக்கம் வராமல் கதவோரமாகவே நின்றதும் எனக்கு வினோதமாகப் படவில்லை.

ஆபீசர் நல்ல மனிதர். ஒவ்வோர் அட்டையாக நின்று பார்த்தார். என்னுடையதற்கு வந்ததும், "அட, நம்ம கம்பெனி ஃபர்னஸ் மாதிரி இருக்கே. அப்பா ஆபீசராம்மா? எந்த டிபார்ட்மென்ட்?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் நைனா ஓடி வந்துவிட்டார். வீட்டில் அவர் பேசி நான் கேட்டே இராத ஒரு மெல்லிய குரலில், "நம்ம பொண்ணுதான் சார். சின்னப் பொண்ணு, தெரியாம வெள்ளை போட்டுச்சு. எனக்கு மஞ்சள்தான் சார்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. எவ்வளவு யோசித்துப் போட்டது அது!

"தெரியாம இல்ல சார். தெரிஞ்சுதான் போட்டேன்" என்றேன்.

நைனாவின் கை என் தோளை அழுத்தியது. ஆபீசர் சிரித்துவிட்டு, என் தலையைத் தொட்டுவிட்டு, அடுத்த அட்டைக்குப் போய்விட்டார். அவ்வளவுதான் நடந்தது. அந்த வருடமும் பர்மனென்ட் வரவில்லை. யாருக்குமே வரவில்லை என்பதால் வீட்டில் என் அட்டை திட்டு வாங்காமல் தப்பித்தது.

விழா முடிந்து திரும்பும்போது எனக்கு நைனா மேல் கோபம். அட்டையைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு சைக்கிளின் பின்னால் முறைப்பாக உட்கார்ந்திருந்தேன். ஸ்டேஷனுக்குப் பக்கத்து டீக்கடையில் நைனா சைக்கிளை நிறுத்தினார். எனக்கு ஒரு பன் வாங்கித் தந்துவிட்டு அட்டையைக் கேட்டார். விரித்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஏன் கண்ணு, மஞ்சள் போட்டிருந்தா இன்னா ஆயிருக்கும்?"

இதைக்கூடப் புரிந்துகொள்ள முடியவில்லையே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனாலும் மிஸ் மாதிரியே பொறுமையாக, நெருப்பின்மேல் விரலை வைத்துச் சொல்லிக் கொடுத்தேன்.

"சுத்தியும் மஞ்சளா கீதுல்ல? அதுல மஞ்சளே போட்டா நீ தெரியவே மாட்ட நைனா. பாக்கறவங்களுக்கு நெருப்புதான் தெரியும். நீ அங்க கீறன்னே யாருக்கும் தெரியாது."

நைனா படத்திலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். "ஆமா" என்றார். கொஞ்சம் கழித்து மறுபடியும் "ஆமா கண்ணு" என்றார். பிறகு எழுந்துபோய், பாய்லர் முன்னால் நின்ற டீ மாஸ்டரிடம் படத்தைத் தூக்கிக் காட்டினார்.

"நம்ம பொண்ணு போட்டது. இதோ, இது நான்தான்."

அடுத்த டிராயிங் வகுப்பில் நான் முதல் ஆளாக எழுந்து நின்றேன். எங்க நைனாவுக்கு நிறத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் இருந்தது மிஸ், நான்தான் புரியவைத்தேன் என்று சொன்னேன். மிஸ் எல்லோரையும் எனக்காகக் கைதட்டச் சொன்னார்.