கட்டிங் மேஜையில் தலையாலங்கானம்

போன வியாழக்கிழமை என் மகள் பள்ளி வேனில் வந்து இறங்கவில்லை. ஐம்பது நிமிடம் தேடிய பிறகு, தோழி வீட்டு மாடியில் கேரம் ஆடிக்கொண்டிருந்தவளைக் கண்டுபிடித்தோம். நாலு நாளாகிவிட்டது, எனக்குப் படபடப்பு இன்னும் முழுதாக அடங்கவில்லை. அந்த ஐம்பது நிமிடமும், ஏனோ தெரியவில்லை, ஈயத்தில் வார்த்த ஒரு பாண்டிய மன்னன்தான் நினைவில் வந்துகொண்டிருந்தான்.

எண்பதுகளில் அப்பா ராஜபாளையத்தில் தையல்கடை வைத்திருந்தார். எங்கள் வீட்டின் முன்னறைதான் கடை. எனக்கு ஒன்பது வயது, தங்கைக்கு இரண்டு. மில் ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்த மாமா, அம்மாவின் தம்பி, ஞாயிற்றுக்கிழமை வந்தால் துணி வெட்டும் மேஜை போர்க்களமாகிவிடும். துணியில் கோடு போடும் நீலச் சாக்கட்டியால் மேஜைமேல் ஓர் ஆற்றை வரைவார். நூல் தீர்ந்த ரீல்கட்டைகள்தான் காலாட்படை. தலைவர்களை மட்டும் அவரே ஈயத்தில் வார்த்து, சாயம் பூசி வைத்திருந்தார். ஒவ்வொருவரும் அவரைக்கொட்டை அளவு இருப்பார்கள். ஆட்டம் எப்போதும் தலையாலங்கானத்துப் போர்தான். ஒரு பக்கம் பாண்டியன். எதிர்ப்பக்கம் சேரன், சோழன், ஐந்து வேளிர். யார் எத்தனை அங்குலம் நகரலாம் என்பதை அப்பாவின் டேப் சொல்லும். யார் சாவது என்பதைத் தாயக்கட்டை சொல்லும்.

பாண்டியன் எப்போதும் மாமாதான். சரித்திரத்தில் ஜெயித்தவனை விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வராது. எனக்கு ஏழு தலைவர்கள் என்று பேர். ஆனால் ஏழு பேருக்குள் ஒற்றுமை கிடையாது என்று மாமா ஒரு விதி எழுதிவைத்திருந்தார். ஒவ்வொருவனுக்கும் தனித்தனியாகத் தாயம் விழுந்தால்தான் நகர்வான்.

“என்ன மருமகனே, ஏழு பேரு இருந்தும் ஒருத்தனும் வர மாட்டேங்கானே. சோறு வைக்கலையா?” என்பார்.

இப்படித் தொடர்ந்து நாலு ஞாயிறு தோற்றேன். இன்னொரு விதியும் உண்டு: தலைவன் களத்தில் இல்லையென்றால் அவன் படை ஓடிவிட வேண்டும். ஐந்தாவது ஞாயிறு மாமா தண்ணீர் குடிக்க உள்ளே போனபோது, பாண்டியனை எடுத்து என் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். மேஜையோரம் தங்கை உட்கார்ந்திருந்தாள். நான் அவளைக் கணக்கில் எடுக்கவில்லை.

அடுத்து வந்தது அம்மா. தங்கை ஒருமுறை இருமினாள். அவள் நாக்கு நீலமாக இருந்தது. அது ஆறு வரைந்த சாக்கட்டியின் தூள் என்று எனக்குத் தெரியும். தண்ணீர் குடித்துவிட்டு வந்த மாமாவுக்கு, மேஜையில் பாண்டியனைக் காணாமல் முகம் வெளுத்துவிட்டது.

“ராசாவத் தின்னியாடி?” என்று அம்மா கேட்டாள்.

“ம்” என்றாள் தங்கை. அந்த வயதில் எதைக் கேட்டாலும் அவள் ம் என்றுதான் சொல்வாள்.

“ஏலே, ஈயம் விஷம்லா. புள்ள இருக்க வீட்டுல இந்தக் கருமத்தைக் கொண்டு வராதன்னு எத்தனை தடவை சொன்னேன்” என்று அம்மா மாமாவின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்த அடியைப் பார்த்த பிறகு எனக்கு நாக்கு எழவில்லை. தங்கைக்கு வாழைப்பழம் ஊட்ட ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு பழம் உள்ளே போகும்போதும் சொல்வது இன்னும் கடினமாகிக்கொண்டே போனது.

ஞாயிறு என்பதால் ஊரில் எக்ஸ்ரே எடுக்க ஆளில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டாக்டர் வீட்டோடு மெஷின் வைத்திருக்கிறார் என்று யாரோ சொல்ல, பஸ் ஏறினோம். இடப்பக்கம் மலை கூடவே வந்தது. பாதி வழியில் தங்கை அம்மா மடியில் தூங்கிப்போனாள். அம்மாவுக்கு அது தூக்கமாகத் தெரியவில்லை. அவள் கன்னத்தைத் தட்டி, “ஏட்டி, கண்ணத் தொறயேன், என்னப் பாரேன்” என்று கெஞ்சினாள். அம்மாவின் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. பைக்குள் கைவிட்டுப் பாண்டியனை எடுத்து நீட்டினேன்.

மாமா பஸ் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாரா சிரித்தாரா தெரியவில்லை.

அப்பா நீளமாக ஒரு மூச்சு விட்டார். “அப்ப அடுத்த ஸ்டாப்புல எறங்கித் திரும்பிருவோம்.”

“படம் எடுத்துப் பாத்துட்டே போவோம்” என்றாள் அம்மா.

“அதான் கையில இருக்கே.”

“கையில இருக்கது இருக்கட்டும். வயித்துக்குள்ள ஒண்ணுமில்லன்னு யாரு பாத்தா?” மாமாவிடம் திரும்பினாள். “மத்த ஏழு பேரையும் எண்ணிட்டுத்தான் கெளம்புனியா?”

மாமா எண்ணவில்லை.

எனக்கோ ரோஷம். உண்மையைச் சொல்லி, ஆளையும் ஒப்படைத்த பிறகு இன்னும் என்ன சந்தேகம்?

படம் எடுத்தவர் ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அம்மா அவர் தோள் வழியாக எட்டிப் பார்த்து, “எல்லாப் பக்கமும் நல்லாப் பாத்திகளா?” என்றாள்.

“பாக்க என்னம்மா இருக்கு? நீங்க ஊட்டுன பழம்தான் கெடக்கு.”

அம்மா பெஞ்சில் உட்கார்ந்தாள். முதலில் சிரித்தாள், பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தங்கையைத் தூக்கி என் மடியில் வைத்தாள். அடி விழும் என்று வழிநெடுக முதுகை விறைப்பாக வைத்திருந்த எனக்கு ஒன்றும் புரியவில்லை. யாரும் அடிக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் அப்பா எனக்கும் ஒரு முழு டம்ளர் காபி வாங்கித் தந்தார். உண்மையைச் சொன்னதற்குப் பரிசு என்று நினைத்து, பெருமையாகக் குடித்தேன்.

ஆட்டம் நிற்கவில்லை. அதன் பிறகு ஞாயிறுதோறும் அம்மா வந்து மேஜையில் தலைவர்களை எண்ணுவாள். எட்டும் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, தங்கையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவாள். அப்புறம்தான் போர் தொடங்கும்.

அந்த எக்ஸ்ரே படத்தை அம்மா பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்திருந்தாள். அவ்வப்போது அதை எடுத்து ஜன்னலில் பிடித்துப் பார்ப்பாள். தங்கை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகும் பார்த்தாள். என் குற்றத்துக்குச் சாட்சியாகத்தான் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறாள் என்று போன வியாழக்கிழமை வரை அவள்மேல் எனக்கு வருத்தம் இருந்தது.