மிக்கேல் சம்மனசின் காலடி நாகம்

பிளாரன்ஸ் டீச்சரின் கணவர் சிலுவை ஏப்ரலில் இறந்துபோனார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். வேலை முடிந்து பைக்கில் திரும்பும்போது புறவழிச்சாலையில் உப்பு லாரி இடித்துவிட்டது. பிளாரன்ஸ் அழவில்லை. ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் போய் டிராயிங் வகுப்பு எடுத்தாள். ஊர் அதைப் பற்றிப் பேசியதும் அவளுக்குத் தெரியும்.

ஆகஸ்டில் பங்குச்சாமியார் கூப்பிட்டனுப்பினார்.

"மிக்கேல் சம்மனசு திருநாளுக்குப் பீடத்துக்குப் பின்னால பெரிய படம் ஒண்ணு வைக்கணும் டீச்சர். நீங்க வரைஞ்சா உங்களுக்கும் மனசுக்கு ஒரு மாத்தமா இருக்கும்."

ஒத்துக்கொண்டாள். மாட்டேன் என்றால் காரணம் சொல்ல வேண்டும். அதற்கு அலுப்பாக இருந்தது.

வானதூதரான சம்மனசின் காலடியில் சாத்தானாக மிதிபட்டுக் கிடக்கும் பறவைநாகத்தை முதலில் வரைய எடுத்தாள். அச்சுப் படங்களில் அது பல்லி மாதிரி இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட வேலை பார்க்கும் பொன்செல்வியோடு ஏரல் பக்கம் போய், பழைய சிவன் கோயில் சுவரில் செதுக்கியிருந்த மகரத்தைப் பார்த்து வரைந்துகொண்டாள். முதலை வாய், யானைத் துதிக்கை. நாகத்துக்கு அந்த முகத்தையே வைத்தாள்.

உடம்பு எப்படி இருக்கும் என்று சொன்னது கொழுந்தன் அனிஷ். படகில் போகிறவன்.

"கடல்ல தண்ணி தூணு மாதிரி எந்திரிக்கும்லா மைனி, வானத்து நாகம் குடிக்க வந்துட்டுன்னு எங்காளுவ சொல்லுவாவ. கறுப்பா, ஆடிக்கிட்டே நிக்கும்."

சொல்லும்போதே அண்ணன் நினைவு வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவள் டீ போட்டுக் கொடுத்தாள்.

பதினோரு அடிப் பலகையில் நாகம் வளர ஐந்து வாரம் ஆயிற்று. ஒவ்வொரு செதிலுக்கும் தனியாக நிழல் கொடுத்தாள். பிறகு சம்மனசைப் பென்சிலில் கோடு இழுத்துவிட்டு மூன்று நாள் அதன் முன்னால் நின்றாள். தூரிகையை நனைப்பாள், வைத்துவிடுவாள்.

"சாமி, சம்மனசு வரமாட்டேங்காரு."

"ஏன் டீச்சர்?"

"தெரியல்ல. கை போகல்ல."

சாமியார் கடையில் ஃபிளெக்ஸில் ஒரு சம்மனசை அடித்து, ஓரம் வெட்டி, பென்சில் கோட்டின் மேல் ஒட்டச் செய்தார். சிவந்த கன்னமும் வாளுமாகச் சம்மனசு நாகத்தின் மேல் நின்றார்.

திருநாளன்று ஆட்கள் முண்டியடித்துப் படம் எடுத்தார்கள். பூசை முடிந்ததும் பக்கத்து வீட்டு ஞானசௌந்தரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏளா, நாகம் உசிரோட பாக்குது. தனியா இருந்து இத வரைய ஒனக்குப் பயமா இல்லயா?"

"இல்லக்கா," என்றாள் பிளாரன்ஸ். அது உண்மைதான். வாசலில் குவிந்திருந்த செருப்புகளில் தன்னுடையதைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு வெயிலில் நடந்தாள்.