ஆற்றங்கரைப் பள்ளிக்காக வாக்குக் கேட்டவள்

அந்தச் சிறு நகரத்தில் அப்போது மூன்று அரசுப் பள்ளிகள், மூன்றுக்கும் தனித்தனி நிர்வாகம். மேட்டுத் தெருப் பள்ளியில் அறிவியல் கூடம் இருந்தது. ஆற்றங்கரைப் பள்ளியில் கூரை ஒழுகியது. மூன்றையும் ஒரே வாரியத்தின் கீழ் கொண்டுவரலாமா என்று மக்களிடம் வாக்கெடுப்பு வைத்தார்கள். ஆற்றங்கரைக்காரர்கள் மட்டும் பிடிகொடுக்கவில்லை. வாரியம் வந்தால் முதல் வேலையாகத் தங்கள் பள்ளியை மூடிவிடுவார்கள் என்று பயந்தார்கள்.

அவர்களிடம் பேசப் போனவள் பள்ளி பஸ் ஓட்டும் பெண். ஊருக்கே அவள் பஸ் அக்கா. அப்பா போனபிறகு, தம்பியைப் படிக்கவைப்பதற்காகத் தன் படிப்பை நிறுத்திவிட்டு ஸ்டீரிங்கைப் பிடித்தவள். அந்தத் தம்பிதான் இப்போது வக்கீலாகி, இணைப்புக்காக மேடை மேடையாகப் பேசிக்கொண்டிருந்தான்.

"நான் சொன்னா அரசியல்னு நினைப்பாங்க. நீ சொன்னா நம்புவாங்கக்கா."

"பள்ளிக்கூடத்தை மூட மாட்டீங்களே?"

"நாம படிச்ச இடம். மூட விட்டுருவேனா?"

அவள் வீடு வீடாக ஏறி இறங்கினாள். தையல்காரி ஒருத்தி மிஷினை விட்டு எழாமலே, "உன் முகத்துக்காகப் போடறேன்" என்றாள். இணைப்பு மயிரிழையில் ஜெயித்தது.

வாரியம் வளர்ந்தது. நூலகம் வந்தது, புது ஆசிரியர்கள் வந்தார்கள், மேட்டில் பெரிய உயர்நிலைப் பள்ளி எழும்பியது. தம்பி வாரியத் தலைவரானான். ஒரு கோடை விடுமுறையில், ஆற்றங்கரைப் பள்ளி வாசலில் பெஞ்சுகளை லாரியில் ஏற்றுவதைப் பார்த்து அவள் பஸ்ஸை நிறுத்தினாள்.

"என்னப்பா, வெள்ளை அடிக்கப் போறாங்களா?"

"இல்லக்கா. எல்லாம் மேட்டுக்குப் போகுது. இது இனிமே குடோன்."

நேராகத் தம்பி வீட்டுக்குப் போனாள். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"மூடறதுன்னு எப்போடா முடிவு பண்ணீங்க?"

தம்பி மனைவி தண்ணீர்ச் செம்பை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவன் தட்டைப் பார்த்தபடியே சொன்னான்: "ஓட்டுக்கு முன்னாடியே."

"அப்ப பொய் சொல்லத்தான் என்னை அனுப்பினியா?"

"நீ எங்க பொய் சொன்ன? உனக்குத்தான் தெரியாதே. தெரிஞ்சா உன்னால பேசியிருக்க முடியுமா?"

தூக்கி வளர்த்த பிள்ளை அவளுடைய நல்ல பெயரை அளவெடுத்துப் பயன்படுத்தியிருக்கிறான்.

அடுத்த வாரியக் கூட்டத்தில், எல்லோர் முன்னாலும் எழுந்து நடந்ததைச் சொன்னாள். தலைவர் நாற்காலியிலிருந்து தம்பி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அடுத்த விஷயத்துக்குப் போகலாம்" என்றான்.

வேலையை விட்டுவிட மனம் துடித்தது. ஆனால் ஆற்றங்கரைப் பிள்ளைகள் அந்த மேட்டை நடந்து ஏற முடியாது. ஓட்டினாள். தையல்காரி தன் மகளைப் பஸ்ஸில் ஏற்றிவிடும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஒருநாள் அவளே பேசினாள்:

"உன்னையும் ஏமாத்திட்டான்னு தெரியும்க்கா. இருந்தாலும் உன்னைப் பார்த்தா மனசு ஆற மாட்டேங்குது."

பஸ் அக்கா தலையாட்டிவிட்டுக் கியரைப் போட்டாள்.

அவள் ஓய்வுபெற்ற அன்று, பாராட்டுக் கேடயத்தோடு தம்பி பள்ளி பஸ் ஷெட்டுக்கு வந்தான். இரண்டு பேரும் பேசி வெகுகாலமாகியிருந்தது.

"எத்தனை பிள்ளைங்க மேல வந்துட்டாங்கன்னு நீயே பார்க்கறியேக்கா. அது தப்பா?"

"தப்பில்லடா. அதைச் சொல்லியே ஓட்டுக் கேட்டிருக்கலாமே. நானே வந்து கேட்டிருப்பேனே."

அவன் கேடயத்தை நீட்டியபடி நின்றான். அவள் பஸ் சாவியை மேற்பார்வையாளரிடம் கொடுத்துவிட்டு, வாசலைப் பார்த்து நடந்தாள்.