தலைக்கு மேல் தட்டுகிறவன்

மிடி கீபோர்டுக்குச் சொந்தமாகச் சத்தம் கிடையாது. லேப்டாப்பில் இணைத்தால் இசை என் ஹெட்போனில் மட்டும்தான் கேட்கும். இதை எத்தனை முறை சொன்னாலும் கீழ்வீட்டு செல்வி அக்கா மண்டையில் ஏறாது.

அந்தமானில், ரங்கத் ஊரில் நாங்கள் குடியிருப்பது பழைய மர வீடு. மாடியில் நான். டிரம்ஸ் தாளத்துக்காகக் கீபோர்டின் ரப்பர் பட்டன்களைத் தட்டினால் போதும், "பந்த் பண்ணுடா! வீடே ஆடுது!" என்று இந்தி கலந்து நிறுத்தச் சொல்லி, கீழிருந்து கம்பால் பலகையை இடிப்பார். வேண்டுமென்றே இன்னும் ஓங்கித் தட்டுவேன்.

போன மாதம் ஒரு மாலை, வாசல் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று தரை ஆடியது. அக்கம்பக்கத்தார் எல்லோரும் தெருவுக்கு ஓடிவந்தார்கள். செல்வி அக்கா வரவில்லை. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"பந்த் பண்ணுடா, சனியனே!"

"அக்கா, நான் வெளிய நிக்கிறேன்! இது பூகம்பம்!"

மாவுக் கையோடு பாய்ந்து வந்தார். பின்னாலேயே பரண் சாமான்கள் அடுப்பின் மேல் சரிந்தன.

நன்றியா சொன்னார்? "உன்னாலதாண்டா உள்ளயே நின்னேன்!" என்று தெருவே கேட்கத் திட்டினார்.

இன்றும் எனக்கு அவரைப் பிடிக்காது. ஆனால் கீபோர்டுக்கு அடியில் மெத்தை போட்டிருக்கிறேன். அவர் கத்திய உடனே கையை எடுத்துவிடுகிறேன். அதன் பிறகும் வீடு ஆடினால் அது நான் இல்லை, ஓடிவிடுங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.